ஒப்புக்கொண்டவன்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ‘சேர், பாண்டியன் கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் என்ன?’ பொற்கொல்லன் சொன்னதை நம்பி மன்னன் அவசரப்பட்டுவிட்டான், விசாரித்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று பல வருடங்களாக நானும் சொல்லிக்கொடுத்து வந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை. விசாரணை எந்த மாதிரியான விசாரணை என்பதைப் பொறுத்து, ‘சிலம்பை எடுத்தது நான்தான்’ என்று கோவலனே சொல்லியிருக்கவும் கூடும்.

எங்களுக்கு வடக்கே, மட்டக்களப்புப் பக்கத்தில் பிடிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசா அப்படிச் ‘சொன்னவர்’. 1993 ஜூலை 16 அதிகாலை நடந்த சுற்றிவளைப்பில் ஏறத்தாழ நூற்றைம்பது பேரோடு அவரும் கொண்டுபோகப்பட்டார். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு ஐம்பது வருடச் சிறைத்தண்டனை விதித்தது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, ஆனையிறவு முதலிய முகாம்கள் மீதான தாக்குதல்களில் பங்குகொண்டார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி? ஒரேயொரு ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிள். கடைசியில் அவருடைய பெருவிரல் அடையாளம்.

சித்திரவதை செய்துதான் அதை வாங்கினார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். முதுகில் தழும்புகளும் கண்ணில் காயமும் இருந்ததை வைத்திய அறிக்கை காட்டியது. ஆனாலும் வாக்குமூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது எப்படி முடிந்தது என்று விளங்கிக்கொள்ள இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1895ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிவைத்த சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்குக்கு உதவாது. குடியேற்றக்காரனுக்குக் கூடத் தன் பொலிஸின் மீது அந்த அளவுக்குத்தான் நம்பிக்கை. சுதந்திரம் கிடைத்து முப்பத்தொரு வருடங்களின் பின், 1979இல் நாமே இயற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் செல்லும் என்றது. அதோடு நிற்கவில்லை. பலவந்தமாக வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. நாலு சுவருக்குள் நடந்ததை, அடித்தவரும் அடிவாங்கியவரும் மட்டும் அறிந்ததை, அடிவாங்கியவர் நிரூபிக்க வேண்டும்.

1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை முப்பத்தைந்து வருடமாகக் குறைத்தது, குற்றத்தீர்ப்பை மாற்றவில்லை. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது பிழை என்று முடிவு சொன்னது. அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்பாட்டில் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் தீர்ப்பு வந்தது. முதுகுத் தழும்பைப் பற்றிய பேச்சு இப்படி அரசியலமைப்பைப் பற்றிய பேச்சாக முடிந்தது.

அந்த வருடங்களில் எங்கள் ஊர்களில் இதைப் பற்றி யாராவது பேசியதாக எனக்கு நினைவில்லை. நானும் பேசவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்ட்டில் சுஜூதில் இருந்தவர்களைச் சுட்டுக்கொன்றவர்களை நாங்கள் மறந்திருக்கவில்லை. பிடிபட்ட ஒரு தமிழ் இளைஞனைப் பற்றிப் பத்திரிகையில் வந்தால், ‘நெருப்பில்லாமலா புகையும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். எங்கள் துயரம் உண்மையானதுதான். ஆனால் அந்தத் துயரத்தை வைத்து இன்னொருவனின் வழக்கை நாங்கள் தீர்த்தோம்.

சாய்ந்தமருதில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 26 இரவுக்குப் பிறகு அதே சட்டம் எங்கள் தெருக்களுக்கு வந்தது. வீட்டிலிருந்த கிதாபுகளை எடுத்து ஒளித்துவைத்த உம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். 2020 மேயில் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் கைதானபோது, அவரும் என்னைப்போல் ஓர் ஆசிரியர் என்பதால் இன்னும் நெருக்கமாக உறைத்தது. ‘நவரசம்’ என்ற அவருடைய தொகுதி 2017இல் வந்தது. கவிதையைக் கவிதையாக வாசிக்கத் தெரியாதவர்களின் சந்தேகம் அவரை ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்துவைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அன்றுதான் நாங்கள் எல்லோரும் நீதியைப் பற்றிப் பேசினோம். ‘நெருப்பில்லாமலா புகையும்’ என்று பக்கத்து ஊர்களில் யாரேனும் சொல்லியிருந்தால், அவர்களைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி?

இதை நம்முடைய நாட்டு வியாதி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1989இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் பதினான்கு முதல் பதினாறு வயதுவரையான ஐந்து பையன்கள் பிடிக்கப்பட்டார்கள். எல்லோரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பிள்ளைகள். மணிக்கணக்கான விசாரணைக்குப் பின் நால்வர் கமெராவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன் சொன்னது மற்றவன் சொன்னதோடு பொருந்தவில்லை. மரபணுப் பரிசோதனையும் பொருந்தவில்லை. ஆனாலும் ஜூரிகள் நம்பினார்கள். செய்யாததை ஒருவன் ஏன் செய்தேன் என்று சொல்லப்போகிறான்? 2002இல் உண்மையான குற்றவாளி தானாக வாய்திறந்தான், மரபணுவும் அவனோடு பொருந்தியது, தீர்ப்பு ரத்தானது. அந்த ஐவரில் ஒருவரான யூசுப் சலாம் 2023இல் நியூயோர்க் நகரசபைக்குத் தெரிவானார். 1989 முதல் அந்த நாட்டில் இப்படிப் பிழையாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர்களின் பதிவேட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. பிழையை எண்ணியாவது வைக்கிறார்கள்.

தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட மாயிஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகம் திருப்பி அனுப்பியதும், இவருக்குப் புத்தி சுவாதீனம்தானா என்று விசாரித்ததும் ஹதீஸ் படித்த எல்லோருக்கும் தெரியும். அடியில்லாமல், மிரட்டலில்லாமல் வந்த வாக்குமூலத்தையே அவ்வளவு தயங்கித்தான் எடுத்தார்கள். நான் நாலு அடியில் எடுத்தேன்.

2006இல், ஆசிரியர் தொழிலுக்கு நான் புதிது. அட்டாளைச்சேனையில் கற்ற உளவியல் பாடம் மனதில் ஈரம் காயாமல் இருந்த காலம். சுற்றுலாவுக்குச் சேர்த்த 1,250 ரூபா மேசை லாச்சியில் இல்லை. இடைவேளையில் வகுப்பில் இருந்தவன் ஒருவன்தான். சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் கொட்டிலில் இருந்த குடும்பம். வாப்பா கரைவலைக்குப் போகிறவர். அவன் வறுமைதான் எனக்குச் சாட்சி. ‘நான் எடுக்கல்ல சேர்’ என்றான். எடுக்கவில்லை என்பதை நிரூபி என்று நான் வாயால் கேட்கவில்லை, பிரம்பு கேட்டது. நாலாவது அடியில் ‘நான்தான் சேர்’ என்றான். காசு எங்கே என்றேன். பந்து வாங்கினேன், ஐஸ்கிரீம் குடித்தேன், மிச்சம் விழுந்துவிட்டது என்றான். எந்தக் கடை என்று கேட்டேன், கடையையும் சொன்னான். அவன் விபரமாகச் சொல்லச் சொல்ல எனக்கு நம்பிக்கை கூடியது, மனம் லேசானது. அன்று பாரம் இறங்கியது எனக்குத்தான்.

அடுத்த நாள் அவனுடைய வாப்பா கடன்பட்டு முழுத் தொகையையும் கொண்டுவந்து தந்தார். தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு கிழமைகளின் பின் பழைய வரவு இடாப்பின் மட்டைக்குள் அந்தக் காசு இருந்தது. நானே வைத்தது. ‘கணக்கில் ஒரு பிழை’ என்று சொல்லி வாப்பாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. ‘கள்ளன்’ என்ற பட்டம் ஒன்பதாம் வகுப்பில் அவன் படிப்பை விடும்வரை அவனோடு இருந்தது.

இப்போது அவன் கல்முனையில் ஓட்டோ ஓடுகிறான். கண்டால் நிறுத்தி ஏற்றுவான், காசு வாங்கமாட்டான். சென்ற வருடம் மழை நாளொன்றில் பின் ஆசனத்தில் இருந்துகொண்டு, அவன் முகம் தெரியாத தைரியத்தில், இடாப்பையும் காசையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறித்தான்.

‘அத உடுங்க சேர்’ என்றான். ‘நான்தானே ஒத்துக்கிட்டன்.’