துடுப்பும் கையும் படைப்பின் நோக்கமும்

மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகிய மூன்றிலும் தோளை ஒட்டி ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டின் சிற்றெலும்புகள், இறுதியில் விரல்கள் என்ற ஒரே ஒழுங்கு காணப்படுவதை ஆராய்ந்த ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன், அதனைப் படைத்தவனின் உள்ளத்தில் முன்னரே இருந்த மூலவடிவம் என்று 1849இல் விளக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின் சார்லஸ் டார்வின், அவ்வொழுங்கு பொது மூதாதை ஒன்றிடமிருந்து வழிவழியாக வந்தது என்றார்.

புதைபடிவங்கள், அதாவது பாறையில் பதிந்து எஞ்சிய உயிர்ச்சுவடுகள், டார்வின் பக்கமே நிற்கின்றன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள் பழமையான டிக்டாலிக், செதிலும் செவுளும் உடைய மீனாயினும் அதன் துடுப்புக்குள் மேற்கை, முன்கை எலும்புகளும் மணிக்கட்டை ஒத்த சிற்றெலும்புகளும் உள்ளன. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகாவுக்கோ முன்காலில் எட்டு விரல்கள் இருந்தன; ஆனால் அது பெரும்பாலும் நீரிலேயே வாழ்ந்த உயிர். ஆகவே விரல்கள் தரையில் நடப்பதற்கென்று தோன்றியவை அல்ல, நீரில் தோன்றிய பின்னரே நடைக்குப் பயன்பட்டவை. மீனினம் தொடக்கம் முதலே மனிதனை இலக்காகக் கொண்டு நகர்ந்தது என்னும் கருத்துக்கு இங்கே இடமில்லை.

குரல்வளையை இயக்கும் நரம்பு இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் நரம்பின் இடப்பக்கக் கிளையான அது, அருகிலுள்ள குரல்வளைக்கு நேரே செல்லாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் அடியில் வளைந்து மீண்டும் மேலேறுகிறது. மீனில் இதயம் செவுள்களுக்கு அருகிலேயே இருப்பதால் இதற்கு இணையான கிளை குறுகிய வழியில் செல்கிறது. கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கிய உயிர்களில், தமனியின் அடியில் சிக்கிய நரம்பும் உடன் நீண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இச்சுற்று பல மீட்டர் நீளமுடையது.

உடலின் நேர்த்தியையே படைப்பாளிக்குச் சான்றாக்கி வில்லியம் பேலி 1802இல் முன்வைத்த வாதம் இதனால் வலுவிழக்கிறது. இறைநம்பிக்கையே வீழ்ந்துவிடுகிறது என்பது இதன் பொருளன்று. பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஃபிரெடரிக் டெம்பிள், பொருள்கள் தாமே உருவாகுமாறு இறைவன் செய்தான் என்று 1884இலேயே உரைத்தார். நம்பிக்கையைக் காக்க விரும்புவோருக்கு டெம்பிளின் வழியே நேர்மையானது. எலும்பையும் நரம்பையும் சாட்சிக்கு அழைக்கும் பேலியின் வழி இனி நிலைக்காது.