குனிதலும் பணிதலும்

ஆங்கில மொழியில் உடல் வளைதலைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘பௌ’, மற்றொன்று ‘ஸ்டூப்’. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘குனிதல்’ என்ற பொருள் காணப்படும். ஆயினும் அம்மொழி அறிந்தோர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பதில்லை. பெரியோர் முன்னிலையில் மரியாதையாகத் தலை தாழ்த்துவது முன்னது. கீழே கிடக்கும் பொருளை எடுக்க முதுகை வளைப்பதும், மூப்பினால் தோள் முன்சரிந்து நடப்பதும், தன் தகுதிக்கு ஒவ்வாத காரியத்துக்கு ஒருவன் இறங்கிவிடுவதும் பின்னது. வற்புறுத்தலுக்கு இணங்கிவிடுவதையும் முன்னைச் சொல்லாலேயே அவர்கள் கூறுவர் என்பதால், அவர்கள் இட்ட வேலியும் முற்றும் பழுதற்றதன்று. எனினும் வேலி ஒன்று வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார்கள்.

தமிழுக்கு இவ்விஷயத்தில் பஞ்சமில்லை. குனிதல், வளைதல், கூனுதல், சாய்தல், தாழ்தல், வணங்குதல், பணிதல் எனச் சொற்கள் நிரம்ப உள. இவற்றுள் ‘வணங்குதல்’ என்பது வளைதல் என்னும் உடற்செயலையும் குறிக்கும். கொடி வணங்கிற்று என்றாலும் பொருந்தும். ‘பணி’ என்பதற்கோ தாழ்தல் என்றும் பொருள், தொண்டு என்றும் பொருள். படமுடைய பாம்பையும் ‘பணி’ என்கிறோமே எனின், அது வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். ஆனால் எம்பெருமானுக்குக் குடையாகவும் ஆசனமாகவும் படுக்கையாகவும் நின்று ஓயாமல் பணி செய்கின்ற ஆதிசேஷனும் ‘பணி’ என்றே அழைக்கப்பெறுவது, சொல்லிலக்கணம் அறியாமல் நேர்ந்த ஓர் இனிய பொருத்தம்.

வடமொழியில் ‘நமஸ்’ என்ற சொல்லுக்கு வேர் ‘நம்’ என்னும் தாது. தாதுபாடம் அதற்குக் கூறும் பொருள் ‘ப்ரஹ்வத்வம்’; சாய்ந்திருத்தல், பணிவுடைமை என்ற இரண்டையும் ஒருங்கே தழுவிய சொல் அது. ‘விநயம்’ என்பதும் இவ்வேரிலிருந்தே பிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. விநயம் ‘நீ’ என்னும் தாதுவினின்று தோன்றியது. நன்னெறியில் நடத்தப்பெற்ற ஒருவனுடைய பயிற்சியே விநயம். முதுகின் வளைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இனி, ‘நம:’ என்னும் பதத்தையே இரண்டாகப் பிரித்து, ‘எனக்குரியதன்று’ என்று பொருள் காண்பது நம் ஸம்ப்ரதாயம். அப்போது அது உடலைப் பற்றிய சொல்லாகவே இருப்பதில்லை. உரிமையைப் பற்றிய சொல்லாகிவிடுகிறது.

திருவிழாக் காலத்தில் ஸந்நிதிக்கு வரும் அன்பர்கள் கொடிமரத்தருகே ஸாஷ்டாங்கமாக விழுந்து ஸேவிப்பதைக் காண்கிறோம். ஸாஷ்டாங்கம் என்றால் எட்டு அங்கங்களோடு கூடியது. அவ்வெட்டு யாவை என்று கேட்டால், கை, கால், மார்பு, நெற்றி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி நடுவில் தயங்குவோரே மிகுதி. பாஞ்சராத்ர மரபில் வழங்கும் ஒரு கணக்கு இவ்வாறு அமைந்துள்ளது: ஆமை தன் நான்கு கால்களையும் தலையையும் தரையில் வைத்தாற்போல இரு கைகள், இரு கால்கள், தலை ஆகிய ஐந்து, இவற்றோடு மனம், புத்தி, அபிமானம் ஆகிய மூன்று. ஐந்து அங்கங்கள் கண்ணுக்குத் தெரிவன; மூன்று தெரியாதன. ஐந்து மட்டுமே தரையில் பட்டால் அது குனிதல், அல்லது கிடத்தல். எட்டும் பட்டால்தான் அது பணிதல்.

அந்த எட்டாவது அங்கத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். அபிமானம் என்பது ‘நான், எனது’ என்னும் எண்ணம். அதைப் பெருமாள் திருவடியில் வைக்கவேண்டுமெனில் முதலில் அது கையில் இருக்கவேண்டும். ஒருவனுடைய தன்மானத்தைப் பிறர் முன்னமே பறித்துவிட்டார்கள் என்றால், அவன் எதைக் கொண்டுவந்து ஸமர்ப்பிப்பான்? பறிகொடுத்தது வேறு, படைத்தது வேறு. சரணாகதியைப் பேசுவோர் பலரும் இந்த இடத்தைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. முல்லைப் பெரியாற்று நீரால் இங்கு இருபோகமாக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்பது கணக்கு. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் அணை திறக்கப்பெறும். பின்னர் லோயர் கேம்ப் தொடங்கி வயல்தோறும் நடவு. நாற்று நடும் பெண்கள் காலை முதல் முதுகு வளைந்து, பின்னோக்கி நடந்துகொண்டே நடுவர். ஸந்நிதியிலிருந்து வெளியேறுகிறவர் பெருமாளுக்குப் புறங்காட்டாமல் பின்வாங்குவது போலவே அவர்களும் நட்ட பயிருக்குப் புறங்காட்டுவதில்லை. (பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் வேலை இதற்கு நேர்மாறு, பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று கழுத்து நோக வேண்டும்.) இவ்வாறு உழைப்பில் வளையும் முதுகு, மேலே கூறிய ஆங்கிலச் சொற்களுள் இரண்டாவதற்கே உரியது. ஆயினும் அதில் தாழ்வு எதுவும் இல்லை. பயிர் உயரம் இல்லாதபடியால் மனிதன் குனிகிறான், அவ்வளவே. அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்துவிடலாம்.

தாழ்வு எங்கே நுழைகிறதெனின், நிமிர்வதற்குப் பிறருடைய அனுமதி வேண்டியிருக்கும் இடத்தில் நுழைகிறது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்ற காலம் ஒன்று இருந்தது. பெருமாள் ஸந்நிதியிலும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்கிறோம். செய்கை ஒன்றே, துணியும் ஒன்றே. ஆனால் முன்னது, எம்பெருமானுக்கு மட்டுமே உரிய ஒன்றை மனிதன் தனக்கென வாங்கிக்கொண்டது. சாஸ்திரக் கண்கொண்டு நோக்கினால் அதைத் தேவத்ரவ்யாபஹாரம் என்றே கூறவேண்டும். இதைச் சற்றுக் கடுமையான சொல் என்று யாரேனும் கருதினால், கருதட்டும்.

அரசாங்கமும் அதைச் செய்தது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அன்றைய மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தார் மீது ஆங்கில ஆட்சி ஏவிற்று. பிறப்பையே குற்றமாக வைத்துக் கைரேகை பதிக்கச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு உடன்படாதவர்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. ஆலயங்களும் இவ்வகையில் தூயன என்று சொல்லிக்கொள்ள இயலாது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதையர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நிகழும்வரை, கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ தலைமுறையினர். அவர்கள் கும்பிட்டது பக்தியால். வெளியே நின்றது கட்டளையால். ஒரே மனிதரிடத்தில் பணிதலும் குனிதலும் கலந்து கிடந்தன. அக்கலப்புக்கு அவர் பொறுப்பல்லர்.

இதே பள்ளத்தாக்கில் மற்றொரு காட்சியும் உண்டு. பெரியாற்று அணையைக் கட்டி 1895-இல் நீரைக் கிழக்கே திருப்பிய கர்னல் பென்னி குவிக் ஆங்கிலேயர், ஆளவந்த இனத்தவர். அவர் 1911-இல் மறைந்துவிட்டார். அவர் திருவுருவப் படம் இங்கே எத்தனையோ வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரிடுகிறார்கள். 2013-இல் லோயர் கேம்ப்பில் திறக்கப்பெற்ற மணிமண்டபத்தில் தைப்பொங்கலன்று அவருக்குப் பொங்கல் வைத்து வணங்குகிறார்கள். கைரேகை கேட்ட அதே ஆட்சியின் உத்தியோகஸ்தர்தான் அவரும். ஒருவர் கையில் சட்டம் இருந்தபோது கிடைத்த குனிவு, சட்டம் போனதும் மறைந்தது. மற்றவருக்குக் கிடைக்கும் வணக்கமோ, அவர் உயிரோடு இல்லாதபோதும், கட்டளையிடுவார் எவருமில்லாதபோதும் தொடர்கிறது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ஜீவாத்மா எம்பெருமானுக்கு சேஷன், அடிமை என்பது விசிஷ்டாத்வைத ஸித்தாந்தம். ‘அடியேன்’ என்பதே வைஷ்ணவன் தன்னைச் சுட்டும் சொல். அவ்வாறிருக்க, அடிமைத்தனத்தை இழிவென்று இங்கே பேசுவது எங்ஙனம்? இக்கேள்வி புதிதன்று. பிறர்க்கு வசப்பட்டது எல்லாம் துக்கம் என்றும், ஊழியம் என்பது நாயின் பிழைப்பு என்றும் மனுஸ்ம்ருதியில் கூறப்பட்டுள்ளது. அதை எடுத்துக்கொண்டு, பகவானுக்கு அடிமை செய்தலில் ஸுகம் எங்ஙனம் உண்டாகும் என்று எழும் கேள்விக்கு, ஸ்ரீபாஷ்யகாரர் தம் வேதார்த்த ஸங்க்ரஹத்தின் முடிவில் விடையளித்திருக்கிறார். தகாதார்க்குச் செய்யும் ஊழியமே நாய்ப்பிழைப்பு. ஆத்மாவுக்கு இயல்பான நாதனாகிய புருஷோத்தமனுக்குச் செய்யும் கைங்கர்யம் அதன் ஸ்வரூபத்துக்கு ஏற்றது, ஆகவே இன்பமே என்பது அவர் திருவுள்ளம். அவ்வாக்கை மனுவுக்கு எதிராகவும் அவர் விடவில்லை. ஊழியம் இழிவு என்ற கூற்றை மறுக்கவுமில்லை. மனிதனுக்கு மனிதன் அடிமை என்ற இடத்தில் அதை அப்படியே நிற்கவிட்டார். ‘எல்லாரும் அவனுக்கு அடிமை’ என்று சொல்லிக்கொண்டே மற்றொருவனைத் தனக்கு அடிமையாக்க முனைவோர் இந்நூலின் கடைசிப் பகுதியை மறுமுறை வாசிப்பது நலம்.

மறுபுறத்துத் தவறும் உண்டு. அதைச் செய்தவன் இராவணன். இரண்டாக முறிந்தாலும் முறிவேனேயன்றி எவனுக்கும் வணங்கேன் என்று அவன் மால்யவானிடம் கூறியதாக யுத்த காண்டத்தில் வால்மீகி பகவான் வைத்திருக்கிறார். கேட்பதற்கு வீரம் போலத் தோன்றும். ஆனால் அவன் தன்முன் மூன்று உலகமும் குனியவேண்டும் என்று விரும்பியவன். தான் பிறரிடம் வாங்கிய குனிவைத் தவிர வேறு வணக்கம் ஒன்று உண்டு என்பதையே அறியான். ஆகையால் பணிவும் அவன் கண்ணுக்குக் குனிவாகவே பட்டது. அவனுடைய சபையில் கட்டுண்டு நின்ற அனுமன் அஞ்சவுமில்லை, அடிபணியவுமில்லை. அதே அனுமன், எந்தப் பெருமாள் கோயிலில் பார்த்தாலும், இராமபிரான் எதிரில் கைகூப்பி நிற்கிறான். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில் அவன் பெயராலேயே அனுமந்தன்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வழியே வரும் யாத்ரிகர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, குனியவைக்கப்பட்டவரிடத்தில் எம்பெருமான் யாது செய்கிறான்? ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் இதற்கு விடை உண்டு. மதுராபுரி வீதியில் கண்ணன் வருகையில், சந்தனப் பூச்சு ஏந்திய பெண்ணொருத்தி எதிர்ப்படுகிறாள். கம்ஸனுக்குச் சந்தனம் சேர்ப்பது அவள் வேலை. மூன்று இடத்தில் உடல் கோணியவள். ஆகையால் த்ரிவக்ரா என்பதே அவள் பெயராயிற்று. அவள் அன்போடு பூசிய சந்தனத்தை ஏற்றுக்கொண்ட கண்ணன், ‘ஏற்கெனவே வணங்கியே நிற்கிறாளே’ என்று மகிழ்ந்து போய்விடவில்லை. தன் பாதத்தால் அவள் பாதங்களின் முன்பகுதியை அழுத்தி, இரு விரல்களால் முகவாயைப் பற்றி உயர்த்தி, அவளை நிமிர்த்தினான். மதுரையில் நுழைந்து கம்ஸனைக் கொல்வதற்கு முன் அவன் செய்த காரியங்களுள் இது ஒன்று. கூன் விழுந்த முதுகைப் பணிவென்று அவன் எண்ணியதில்லை.

இதனால் நாள்தோறும் கோயிலில் எழும் ஒரு சங்கடத்துக்கும் வழி பிறக்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் நாற்று நட்டும் களை பறித்தும் முதுகு வளைந்துபோன மூதாட்டியர் திருவிழாவுக்கு வருகிறார்கள். அவர்களால் கீழே விழுந்து ஸேவிக்க இயலாது; விழுந்தால் எழ இயலாது. நிமிர்ந்து திருமுக மண்டலத்தை ஸேவிப்பதும் அரிது. திருவடியோடு பார்வை நின்றுவிடும். ‘ஒழுங்காக விழுந்து கும்பிடு’ என்று அருகிலிருப்போர் அதட்டுவதும் எங்கேனும் நடக்கிறது. பாஞ்சராத்ரக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத மூன்று அங்கங்களை அந்த மூதாட்டி முன்னமே வைத்துவிட்டிருக்கலாம் என்பது அதட்டுவோர் நினைவுக்கு வருவதில்லை. உடலால் இயலாதவருக்குக் கூப்பிய கை ஒன்றே போதும். அஞ்சலியை எம்பெருமான் உருகும்படியான முத்திரை என்றே பூர்வாசார்யர்கள் கொண்டாடுகின்றனர்.

காவிரிக்கரையில் தம்மை மறந்து பாடி நின்ற திருப்பாணாழ்வாரை வழியினின்று விலக்கக் கல்லெறிந்தவர் அரங்கன் கோயில் அர்ச்சகர் லோகஸாரங்க முனிவர். அவரை எப்படித் திருத்தவேண்டும் என்று அரங்கன் திருவுள்ளம் பற்றினான்? பாணரை அழைத்துவந்து அர்ச்சகர் காலில் விழச் சொல்லவில்லை. அர்ச்சகரைப் போய், தம் தோளில் அவரைச் சுமந்துவரச் சொன்னான். ஆழ்வாருக்கு முனிவாஹனர் என்ற திருநாமம் அதனால் வந்தது. ஒருவரைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டுமெனில் முதலில் குனியவேண்டும்.

ஸ்ரீசடாரி ஸாதிக்கும்போது தலை தாழ்த்தி நிற்பது ஸேவார்த்திகளின் கடமை. முதுகு வளைந்த மூதாட்டியும், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையும், சக்கர நாற்காலியில் வருபவரும் எதிரே இருக்கும்போது, திருவடிநிலைகளைக் கையில் ஏந்திய அர்ச்சகர்தான் தாழ்ந்து, அவர்கள் தலை இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுசேர்க்கிறார்.