கடன்பட்ட ஆசான்

கற்பிக்கப் போகிறவன் கொடுக்கப் போகிறவனா? அல்லது வாங்கப் போகிறவனா?

எளிய வினா போலத் தோன்றும். ஆசான் கொடுப்பவன், மாணவன் பெறுபவன் என்றுதான் உலகம் நெடுங்காலமாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, காவிரி கடலோடு கலக்கும் கரைக்கு உங்களை அழைக்கிறேன், தோழர்களே!

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் 1620இல் டேனிஷ்காரருக்கு விட்டுக்கொடுத்த தரங்கம்பாடிக் கடற்கரை. கப்பலிலிருந்து இரண்டு செர்மானியர் இறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சோ. சீகன்பால்குக்கு வயது 24 அளவில். அனுப்பி வைத்தவரோ டென்மார்க் நாட்டு அரசர். ஆனால் கோட்டையின் ஆளுநர் அவர்களை வரவேற்கவில்லை. காக்க வைத்தார், தங்கும் இடம் காட்டாமலே விட்டார். அரசன் ஓலை கையில் இருந்தது. அந்நிய ஊரில் அந்திப்பொழுதில் ஒதுங்க ஒரு கூரை இல்லை!

வாய் உண்டு, பேச்சில்லை. செவி உண்டு, கேட்டது விளங்கவில்லை. தன் நாட்டிலே கற்றவன் என்று பெயர் எடுத்தவன், இங்கே தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாத குழந்தை. அயல்நாட்டில் ஆசானாக வாழப் போகும் எவனுக்கும் முதல் சில நாட்கள் இப்படித்தான். அந்நாட்களில் அவன் என்ன செய்கிறான் என்பதே அவன் யார் என்பதைக் காட்டிவிடும்.

இரு வழிகள் இருந்தன. துறைமுகத்தில் புழங்கிய போர்த்துகீசிய மொழியைக் கொண்டு காலத்தை ஓட்டலாம். துபாசி ஒருவனை வைத்துக்கொண்டு கோட்டை மதிலுக்குள்ளிருந்தே ஊருக்கு உபதேசம் செய்யலாம். அது ஒரு வழி. சீகன்பால்கு மற்றொரு வழியை நாடினார். முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவரது திண்ணைப் பள்ளியையே தம் இல்லத்துக்கு வரவழைத்தார். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்தார். மணலைப் பரப்பி, விரலால் எழுதினார்: அ, ஆ.

அந்தக் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! பக்கத்தில் இருந்த பொடியன், வெள்ளைக்காரரின் கோணல் எழுத்தைக் கண்டு சிரிக்காமலா இருந்திருப்பான்? அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சம்தான் ஆசானின் முதல் தகுதி என்கிறேன் நான்.

"போதும் ஐயா! மதம் பரப்ப வந்தவர் மொழியைக் கற்றார். அதில் என்ன பெருமை? வேடனுந்தான் பறவையின் குரலைக் கற்கிறான்!" என்று தோழர் ஒருவர் குறுக்கிடக்கூடும்.

கூரிய கேள்வி. தட்டிக் கழிக்கத் தக்கதன்று. கற்பது என்பதனாலேயே அது அறமாகிவிடாது. வேடன் கற்ற குரல் வலை விரிக்கவே பயன்படுகிறது. அவர் கொண்டுவந்த மதச் சரக்கு நமக்கு உடன்பாடும் அன்று. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பறவையின் குரலைக் கற்றதால் வேடன் மாறுவதில்லை. பறவையைப் பற்றி அவன் கொண்ட எண்ணமும் மாறுவதில்லை.

சீகன்பால்குவின் எண்ணம் மாறிற்று. 1708இல் தம்மிடம் சேர்ந்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பியர் நினைப்பது தமிழறியாத அறியாமையால் என்று தம் நாட்டவருக்கே எழுதினார். 1713இல் இந்நாட்டு மக்களின் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி அனுப்பினார். செர்மனியில் இருந்த மேலோர் சீறினர். அஞ்ஞானத்தை அழிக்கத்தானே அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா என்றனர். நூல் மூலையில் கிடந்தது. 1719இல் அவர் இறந்தார். 1867இல்தான், அதாவது 148 ஆண்டுகள் சென்ற பின்னர்தான், சென்னையில் அந்நூல் அச்சேறிற்று!

கற்றது தன்னை மாற்ற இடங்கொடுத்தானா? அந்த மாற்றத்தைத் தன் கூட்டத்தாரிடமே சொல்லத் துணிந்தானா? வேடனையும் மாணவனையும் பிரித்துக் காட்டும் உரைகல் இதுவே.

ஆனால் இதோடு கணக்குத் தீர்ந்துவிடுமா? தீராது. கற்றவன் கடன்பட்டவன். பட்ட கடனை யாருக்குத் திருப்பித் தருகிறான் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேட, கடற்கரையை விட்டுத் தஞ்சை நகருக்குள் வருவோம்.

1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னாளில் தஞ்சையில் நிலைத்தவர் சுவார்ட்ஸ். இவரும் செர்மானியரே. ஆங்கிலம் இவருக்கும் அயல்மொழி! ஆயினும் தஞ்சை மண்ணில் ஆங்கிலப் பள்ளிக்கு வித்திட்டவர் இவர். தமிழையும் மராத்தியையும் கற்றுக்கொண்டவர். 1780களில் போரும் பஞ்சமும் வரிக்கொடுமையும் தாளாமல் உழவர் ஊரைவிட்டு ஓடினர். நாற்றங்கால் காய்ந்தது, வாய்க்கால் தூர்ந்தது. மன்னர் திரும்பி வரச் சொன்னார், எவரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் தம் வாக்கைப் பிணையாகக் கொடுத்தார். ஒரே நாளில் 7000 பேர் வயலுக்குத் திரும்பினர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அரசாணைக்கு இல்லாத மதிப்பு, தங்கள் மொழியில் பேசிய அயலானின் சொல்லுக்கு இருந்தது!

அத்தகையவர் 1785 அளவில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமையக் காரணமானார். 1787இல் கும்பினியார் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் வழங்க இசைந்தனர். நல்லது. அந்தப் பலகைகளில் அமர்ந்தோர் யார்? பெரும்பாலும் பார்ப்பனர் பிள்ளைகள், வணிகர் பிள்ளைகள். அவர் வாக்கை நம்பி வயலில் இறங்கியவனின் மகன் எங்கே? வரப்பில் நின்றான். நம்பிக்கை தந்தவன் ஒருவன். நன்மை பெற்றவன் வேறொருவன்!

சுவார்ட்ஸ் தீயவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்லவர்தாம். அதனால்தான் அச்சமாக இருக்கிறது. நல்லெண்ணம் படைத்த ஆசானின் கையிலிருந்தும், கல்வி என்னும் நீர் முன்பே நனைந்த வயலுக்கே பாய்ந்துவிடுகிறது. கடைமடை காய்கிறது. மடையைத் திருப்ப நல்லெண்ணம் மட்டும் போதாது. யார் வயல் காய்கிறது என்று பார்க்கும் கண்ணும் வேண்டும். தரங்கம்பாடியில் 1707இலேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார்களே, அந்தக் கண் அது!

தோழா! நீயும் ஒருநாள் கற்பிக்கப் போவாய். கடல் கடந்து அயல்நாட்டுப் பள்ளிக்குப் போகலாம். அல்லது பகுத்தறிவு ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்துக் கல் தொலைவிலுள்ள சிற்றூர்ச் சேரிக்குப் போகலாம். இரண்டிலும் நீ அயலான்தான். முதல் நாள் மாலையே மேடை போட்டு, "மடமையில் மூழ்கியோரே!" என்று தொடங்காதே. அந்தக் கிழவி ஏன் சாமிக்கு முடிந்து வைக்கிறாள் என்று கேள். அவள் பிள்ளைக்கு மருந்து வாங்கக் காசில்லாத கதை வரும். அதைக் கேட்டபின் நீ சொல்லும் பகுத்தறிவு, அவளை ஏசும் பேச்சாக இராது. அவளுக்காகப் பேசும் பேச்சாக இருக்கும்.

கேட்டதனால் உன் கொள்கை குன்றிவிடுமா? உண்மையாயின் குன்றாது. குன்றுமானால், அது குன்ற வேண்டியதே.

ஆசான் கொடுப்பவன் அல்லன், கடனைத் திருப்புகிறவன். அந்தக் கடனும் தனக்கு அள்ளித் தந்தவர்களின் வாசலில், காய்ந்து கிடக்கும் கடைமடையில் தீர்க்கப்பட வேண்டியது.

ஊருக்கு எழுத்தறிவிக்கப் புறப்படுமுன் உன் விரலைப் பார். அது சுட்டிக்காட்ட மட்டும் பழகியதா? மணலில் குனிந்து எழுதவும் இசையுமா?