தாழ்ச்சி என்னும் புண்ணியம்



"நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்லிக்கொள்வதுதான் தாழ்ச்சி என்று பலர் எண்ணுகிறார்கள். அதையே அடுத்த வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துச் சொல்லட்டும். நம்முடைய தாழ்ச்சி எவ்வளவென்று அப்போது தெரியும்!

நம் வேதசாட்சியான அர்ச். தேவசகாயத்தைப் பாருங்கள். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், உயர்குலத்தார். ஆடுமாடுகள் மடிந்து, சொத்து அழிந்து, மனமுடைந்திருந்த காலத்தில், தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் ஒரே நாளில் இழந்தும் சர்வேசுரனைத் தூஷியாத அந்த நீதிமான், நீலகண்டனின் கண்களைத் திறந்தார்.

1745 மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பதன் பொருளாகிய தேவசகாயம் அவர் பெயராயிற்று. தேவனே சகாயம் என்றபின் குலமும் பதவியும் எதற்கு ஊன்றுகோல்? தாழ்ந்தவரென்று தள்ளப்பட்டவர்களோடு வித்தியாசமின்றிப் பழகினார். 1749-ல் சிறைப்பட்டார். அரண்மனையில் மரியாதை பெற்றவரை எருமைமேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து ஊரூராய்க் கொண்டுபோனார்கள். அதையும் ஆண்டவருக்காக ஏற்றார். 1752 சனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிரைக் கொடுத்தார். 2022 மே 15-ந் தேதி ரோமாபுரியில் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்டபோது, "பிள்ளை" என்ற குலப்பெயர் நீக்கி, தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார்.

நாமோ? சப்பரத்தின் முன்னே யார் நடப்பது, எந்தத் தெருவுக்கு முதல் மரியாதை, உபயகாரர் பலகையில் யார் பெயர் மேலே என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துகிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை. சென்ற திருநாளில் ஒரு பெரியவர் எல்லார் முன்னிலையிலும் என் பிரசங்கத்தைக் குறைகூறினார். பிரசங்கம் தாழ்ச்சியைப் பற்றியது! மூன்று நாள் நான் அவருக்கு முகங்கொடுக்கவில்லை. நாலாம் நாள் பூசைக்கு முன் மனம் குத்தியது. அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நாலு வீடு தூரம் எனக்கு நாலு மைல் போலிருந்தது.

பிரியமானவர்களே, எதை விட நமக்கு மனமில்லையோ அதைத்தான் சர்வேசுரன் கேட்கிறார். அதை அவர் கையில் கொடுத்துவிடுவதே தாழ்ச்சி. வரும் ஞாயிறு நன்மை வாங்குமுன், பேச்சு நின்றுபோன வீட்டுக்குப் போங்கள். யார் மூத்தவர், யார் மேல் பிழை என்று பாராமல் நீங்களே முதலில் பேசுங்கள்.

அர்ச். தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு