பார்த்தவனுக்கு ஒரு கடன் இருக்கு

“உலகமே எரிஞ்சிக்கிட்டு இருக்கு. உனக்குக் கோயிலையும் இலையையும் படம் எடுக்க எப்படி மனசு வருது?”

ஜப்பானில் பரிமாற்ற மாணவனாக ஒரு செமஸ்டர் படித்தபோது நண்பன் ஒருவன் என்னைக் கேட்ட கேள்வி இது. அவன் கோபத்தில் கேட்கவில்லை. அன்று காலை காஸாவிலிருந்து வந்த காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தான். நானோ கையிலிருந்த பழைய பென்டாக்ஸ் பிலிம் கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி நியாயமானது. காஸா, உக்ரைன், சூடான் என்று எல்லாமே நம்ம கைப்பேசிக்குள்தான் இருக்கு. அதே கைப்பேசியில்தான் நாம பயணப் படமும் போடுறோம். ஆகவே இது எனக்கு மட்டுமான கேள்வி இல்லை. நம் இயக்கத்தில் இருக்கும் என் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள கேள்வி என்றே நினைக்கிறேன். துன்பத்தைப் பார்க்கிறவனுக்கு என்ன கடமை? பார்த்து வருத்தப்பட்டால் போதுமா?

பிலிமிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு ரோலில் 36 படம்தான். பிலிமின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டினுக்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள் இருக்கும். ஒளி பட்ட படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கும். ரசாயனத்தில் கழுவும்போதுதான் அது படமாக வெளியே வரும். பிலிமுக்கு நல்லது கெட்டது தெரியாது. எக்ஸ்ரே, கதிரியக்கம் என்று மேலே விழுகிற எல்லாத்தையும் வாங்கிக்கும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் விமான நிலையத்தில் ரோல்களைத் தனிப் பையில் போட்டு, “தயவுசெய்து கையால் பாருங்க” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இதைப் பற்றிப் படித்தபோது ஒரு வரலாற்றுச் செய்தி கிடைத்தது. 1945 ஜூலை 16ஆம் நாள் அமெரிக்கா நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தது. பரம ரகசியம். சில மாதங்களில் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே பிலிம்களில் விளங்காத கரும்புள்ளிகள் தோன்ற ஆரம்பித்தன. அங்கு வேலை செய்த ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் காரணத்தைத் தேடிப் போனார். பிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டை இந்தியானா மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரை ஆலையில் செய்யப்பட்டது. பாலைவனத்தில் வெடித்த குண்டின் தூசி 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து, மழையோடு இறங்கி, ஆற்று நீரில் கலந்து, அட்டைக்குள் புகுந்து, பிலிமைக் கெடுத்திருந்தது.

கதை அங்கு முடியவில்லை. 1951இல் கோடாக் வழக்குப் போடுவோம் என்றதும், அணுசக்தி ஆணையம் சோதனை பற்றிய தகவலைப் புகைப்பட நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தர ஒப்புக்கொண்டது. அதே தூசி விழுந்த ஊர்களில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த அளவு விவரம் கிடைக்கவில்லை. பிலிமுக்குக் கிடைத்த எச்சரிக்கை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம். ஒன்று, ‘அது எங்கேயோ தூரத்தில் நடக்குது’ என்று சொல்ல உலகத்தில் தூரமே கிடையாது. இரண்டாவது, தெரிந்துகொள்வது மட்டும் போதாது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லணும்.

அந்தச் சோதனை நடந்து சரியாக மூன்று வாரத்தில் ஹிரோஷிமா. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் அங்கு இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. குண்டு விழுந்த நாளில் நகருக்குள் மக்களின் நிலையைக் காட்டும் படம் எடுத்தவர் என்று நமக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். யோஷிதோ மட்சுஷிகே, உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர், வயது 32. அவரிடம் இரண்டு ரோல் இருந்தது. 24 படம் எடுக்கலாம். இன்று நம்மிடம் இருப்பது ஐந்து.

அவர் முதலில் படம் எடுத்த மியுகி பாலத்துக்கு நான் போனேன். இப்போது அதன் மேல் டிராம் ஓடுகிறது, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். பாலத்தின் ஓரத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். தோல் கருகிய பிள்ளைகள், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், புண்ணுக்கு எண்ணெய் பூசுகிறவர்கள். மட்சுஷிகே அங்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஷட்டரை அழுத்த முடியாமல் நின்றதாகப் பிற்காலத்தில் சொன்னார். ஒரு படம் எடுத்தார். சில அடி நெருங்கி இன்னொன்று எடுத்தார். கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிப்போனது. அன்றே ஒரு டிராமுக்குள் குவிந்து கிடந்த பிணங்களைப் பார்த்தார். கேமராவில் கை வைத்தார், ஆனால் எடுக்கவில்லை. இருட்டறை இல்லாததால் பிலிமை ராத்திரி வெட்டவெளியில் கழுவி ஓடையில் அலசினார். அமெரிக்க ராணுவத் தணிக்கை காலம் முடிந்து, 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ இதழ் வெளியிட்ட பிறகுதான் உலகம் அந்தப் படங்களைப் பரவலாகப் பார்த்தது.

24இல் ஐந்து. அவர் எடுத்தவையும் சரி, எடுக்காமல் விட்டவையும் சரி, இரண்டுமே அறம் என்றே எனக்குப் படுகிறது. ஒருவருமே எடுக்காமல் இருந்திருந்தால், நடந்ததை மறைப்பது எளிதாக இருந்திருக்கும். எல்லாத்தையும் எடுத்திருந்தால், இறந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை போயிருக்கும். கூச்சமும் வேண்டும், கடமையும் வேண்டும். கூச்சம் கடமையைத் தின்றுவிடக் கூடாது, கடமையும் கூச்சத்தைத் தின்றுவிடக் கூடாது.

இதை வீட்டுக்குப் போன் செய்து பாட்டியிடம் சொன்னேன். பாட்டி அமைதியாகக் கேட்டார். பிறகு, “அவங்களுக்கு ஒரு படமாவது இருக்குய்யா. எங்கப்பாவுக்கு யாரு படம் எடுத்தா?” என்றார்.

பாட்டிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போட ஏற்றிக்கொண்டு போனான். அவர் திரும்பி வரவில்லை. 1942, 43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல் இறந்தார்கள். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உண்டு, பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. ரொனால்ட் சியர்ல், ஜாக் சாக்கர் போன்ற கைதிகள் ரகசியமாக வரைந்து ஒளித்து வைத்த ஓவியங்களும் உண்டு. நம் தோட்டத் தமிழர்களும் பர்மியரும் ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் பல பத்தாயிரக் கணக்கில் அங்கு மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர்ப் பலகை இருக்கு? எண்ணிக்கைகூட மதிப்பீடுதான்.

ஆகவே, ஹிரோஷிமாவில் நிற்கும் மலேசியத் தமிழனுக்கு மனசு நேர்கோட்டில் ஓடாது. நம் கொள்ளுத்தாத்தாவைக் கொன்ற அரசு ஒரு பக்கம். அந்த அரசின் குற்றத்துக்காகக் கருகிய பத்து வயசுப் பிள்ளை இன்னொரு பக்கம். குண்டு விழுந்ததால்தான் ஜப்பான்காரன் போனான் என்று நிம்மதிப்பட்ட பெரியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பிள்ளை சயாம் ரயிலைப் போடவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குண்டு ஜப்பானியரை மட்டும் கொல்லவில்லை. போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து படிக்க அனுப்பப்பட்ட மாணவர்கள் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். மலாயாவைச் சேர்ந்த நிக் யூசோப் அங்கேயே இறந்தார். சையத் ஓமார் தோக்கியோவுக்குப் போகும் வழியில் உடல்நிலை மோசமாகி, செப்டம்பர் 3ஆம் நாள் கியோட்டோவில் இறந்தார். பிழைத்து ஊர் திரும்பியவர் அப்துல் ரசாக். சையத் ஓமாரின் கல்லறை கியோட்டோவில் என்கோஜி என்ற புத்தக் கோயிலில் இருக்கிறது. சிவந்த மேப்பிள் இலைக்காகப் பயணிகள் கூட்டமாகப் போகும் கோயில் அது. நானும் அங்கே இலையைப் படம் எடுத்தேன், கல்லறையையும் படம் எடுத்தேன். ஒரு முஸ்லிம் மாணவனை ஒரு புத்தக் கோயில் இத்தனை வருஷமாகக் காத்து வைத்திருக்கு என்பதும் அந்த அழகில் சேர்ந்ததுதான். நண்பனின் கேள்வியில் அழகு ஒரு பக்கமும் துயரம் ஒரு பக்கமுமாக இருந்தன. என்கோஜியில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன.

சரி, நம் சமயம் இதற்கு என்ன சொல்கிறது? ஓப்பன்ஹைமர் படம் வந்த 2023இல் நம்மில் பலர் ஒரே விஷயத்தைப் பெருமையாகப் பகிர்ந்தோம். அணுகுண்டு செய்தவருக்குக் கீதையின் 11ஆம் அத்தியாயச் சுலோகம் ஞாபகம் வந்ததாம். பெருமை இருக்கட்டும். அந்தக் கீதை நமக்கு யார் வாயிலாகக் கிடைத்தது என்று யோசித்தோமா? போரைப் பார்த்துச் சொன்ன சஞ்சயன் வாயிலாக. பாரதப் போரைத் தள்ளி நின்று எதிர்கொண்டவர்களில் மூன்று பேரைப் பார்ப்போம். நம் கேள்விக்கு மூன்று பதில்கள் அவர்களிடம் இருக்கு.

முதலில் பலராமர். பீமனும் துரியோதனனும் அவருக்குக் கதாயுதம் கற்ற சீடர்கள். எந்தப் பக்கமும் சேர மனமில்லாமல் தீர்த்த யாத்திரை போனார். யாத்திரை போனது தப்பில்லை. ஆனால் கடைசி நாள் திரும்பி வந்து, பீமன் தொடையில் அடித்த ஓர் அடியைப் பார்த்ததும் கலப்பையைத் தூக்கினார். திரௌபதிக்கு நடந்ததும் பதினெட்டு நாள் நடந்ததும் அந்த ஒரு அடிக்குள் அவருக்குத் தெரியவில்லை. முப்பது விநாடிக் காணொளியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் போதெல்லாம் நமக்கும் இதுதான் நடக்கிறது.

அடுத்தவர் திருதராஷ்டிரர். வியாசர் கண் கொடுக்க முன்வந்தும், சொந்தங்கள் சாவதைப் பார்க்க மாட்டேன் என்றார், கேட்க மட்டும் ஒப்புக்கொண்டார். எல்லாச் செய்தியையும் கேட்டார். அழுதார், மயங்கி விழுந்தார். கீதை முழுவதையும் கேட்டார். ஆனால் போரை நிறுத்தவில்லை. அவருடைய கண்ணீர் பொய் இல்லை. ஆனால் அது யாரையும் காப்பாற்றவில்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போர்க் காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, மனசு கனத்துப் படுக்கிறோமே, அந்தக் கனத்தையே நாம புண்ணியமாக நினைச்சுக்கக் கூடாது.

மூன்றாமவர் சஞ்சயன். அவர் வெறும் அறையில் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. போர்க்களத்துக்குப் போனவர். கடைசி நாளில் சாத்தியகியிடம் பிடிபட்டு, வியாசர் தடுத்ததால் உயிர் பிழைத்தவர். தான் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இந்த அழிவுக்கு நீயும் காரணம் என்று அரசனின் முகத்துக்கு நேராகவும் சொன்னார். துரியோதனன் இறந்ததும் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஞானக்கண் மறைந்துவிட்டது. அந்தப் பார்வை அவருடைய சொத்து இல்லை, ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. மட்சுஷிகே அந்த வரிசையில் நிற்கிறார். காஸாவில் படம் எடுத்து உயிரை விட்ட நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் செய்தியாளர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

நாம எல்லாரும் போர்க்களத்துக்குப் போக முடியாது. நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இலையைப் படம் எடு, அது பாவம் இல்லை. ஆனால் பார்த்தவனுக்கு ஒரு கடன் இருக்கு. பார்த்ததை முழுசாகத் தெரிந்துகொள்ளணும். நம்ம ஆள், அடுத்த ஆள் என்று பிரிக்காமல் சொல்லணும். காரணமானவர்களிடம் சொல்லணும், அவர்கள் நம் பக்கத்து ஆளாக இருந்தாலும். கொடுக்க முடிந்த காசோ நேரமோ எதுவானாலும் கொடுக்கணும். 2024இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நிஹோன் ஹிடாங்கியோவில் இருப்பவர்கள் அணுகுண்டில் பிழைத்தவர்கள். ‘இது இனி யாருக்கும் நடக்கக் கூடாது’ என்பதைத்தான் 1956லிருந்து பள்ளிக்குப் பள்ளி, நாட்டுக்கு நாடு போய்ச் சொல்லி வருகிறார்கள்.

நம் பக்கத்துக் கடன் ஒன்று உடனே தீர்க்கக் கூடியது. சயாம் ரயிலையும் ஜப்பான் காலத்தையும் பார்த்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். பலருக்கு எண்பதைத் தாண்டியாச்சு. ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு ஐந்து பெரியவர்களைப் போய்ப் பார்த்து, அவர்கள் சம்மதித்தால் முகத்தைப் படம் எடுத்து, பெயர், தோட்டம், யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று எழுதி வைக்கலாம். கைப்பேசியே போதும், பிலிம் தேவையில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் என் பாட்டியை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பதிவு செய்துவிட்டேன். அவருடைய அப்பா பெயர் பெருமாள். வேறு எந்த ஆவணத்திலும் அந்தப் பெயர் இல்லை.