வேரும் தண்டும் கூடுமிடம்

புனே நகரின் பாணேர்ப் பகுதிச் சிற்றுண்டிச்சாலைகளில் காலையில் மிசள் என்னும் பண்டம் கிடைக்கும். முளைகட்டிய நரிப்பயற்றைக் காரக்குழம்பில் இட்டு ஆக்குவது அது. நம் வீட்டுப் பச்சைப்பயறும் அவ்வினத்ததே. அதனை உண்ணாது ஈர மண்ணில் இட்டால், முதலில் முளைவேர் இறங்கும். பின்னர் வேருக்கும் விதையிலைகளுக்கும் இடைப்பட்ட பகுதி நீளும். தாவர நூலார் இதனை விதையிலைக் கீழ்த்தண்டு என்பர். அது கொக்கிபோல் வளைந்து, முதுகால் மண்ணை முட்டிப் பிளந்து, மெல்லிய இலைகளைத் தன்பின்னே இழுத்து வருகிறது. வெளிச்சம் பட்டபின்னரே நிமிர்கிறது.

இத்தண்டைப் பற்றி நாம் பேசப் புகுந்தது ஒரு பழைய வழக்கின் பொருட்டு. "ஆன்மா இல்லை என்கிறீர்கள். ஆயின், நேற்றுக் கடன் பட்டவன் வேறு, இன்று நிற்பவன் வேறு அன்றோ? அவன் கடனை இவன் ஏன் இறுக்க வேண்டும்?" என்று கேட்போர் உளர். மறுபிறப்பைக் குறித்து இதனையொத்த வினாவை மிலிந்த மன்னன் எழுப்பியபோது, நாகசேனத் தேரர் மாங்கனித் திருடனை எடுத்துக்காட்டினார். நட்ட மாங்கொட்டை வேறு, தான் பறித்த கனி வேறு என்று வாதிட்டு அவன் தப்ப முடியாதென மன்னனே ஒப்பினான். எனினும் கொட்டைக்கும் கனிக்கும் இடையே ஆண்டுகள் பல கிடக்கின்றன. ஐயுறுவோன் அவ்விடைவெளியில் ஒளிந்துகொள்வான். கீழ்த்தண்டில் ஒளிய இடமில்லை.

வேரில் நீரேற்றும் குழாய்களும் உணவு கடத்தும் குழாய்களும் தனித்தனியே மாறிமாறி நிற்கும். தண்டிலோ இரண்டும் இணைந்து ஒரே கற்றையாகும். ஓரமைப்பு மற்றோரமைப்பாக மாறுவது, இரு விதையிலைச் செடிகள் பலவற்றில், இக்கீழ்த்தண்டின் நீளத்திலேயே. அதனை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், வேரின் முறை சிறிது சிறிதாகக் குறைந்து, தண்டின் முறை சிறிது சிறிதாகக் கூடுவது தெரியும். "இதுவரை வேர், இனித் தண்டு" என்று கோடு கிழிக்க இயலாது. நீரோ தடையின்றி ஏறுகிறது.

"அவன் நானல்லன்" என்பவன் அக்கோட்டைக் காட்டட்டும். காட்டுமளவும், வாங்கிய நூறு ரூபாயும் வைத வசைச்சொல்லும் அவனையே வந்து சேரும். "மாறாத நானே அவன்" என்பவனும் அம்மாறாப் பொருளைக் காட்டக் கடமைப்பட்டவனே. பிறப்பைச் சொல்லி ஒருவனை என்றும் இழிந்தோன் என்போரும், குடியை விட்டொழித்தவனைக் குடியனென்றே அழைப்போரும் இவ்விரண்டாம் பிழையைச் செய்கின்றனர். அப்படி அழைக்கும் நாவு நம்மிடையேயும் இல்லாமலில்லை.

கடனையே மறந்தவன் நிலை யாது? இது கடினமான கேள்வி. இருளில் கீழ்த்தண்டு வெளிறி நீள்வது, தாய்ச்செடி விதையிலைகளில் சேர்த்துவைத்த உணவைக் கொண்டே. மிக ஆழத்தில் விழுந்த விதை, அச்சேமிப்புத் தீர்ந்து மண்ணுள்ளேயே மடிகிறது. மேலே வந்த செடிக்குத் தாய்ச்செடியின் நினைவு ஏது? ஆயினும் அது நிற்பது அவ்வுணவால். ஆகவே நினைவில்லாக் கடனும் கடனே என்று நாம் துணிகிறோம். பாலூட்டி வளர்த்தவளின் பெயரும் அறியாதவன் அதனை எவரிடம் இறுப்பது என்பதை, அன்பர்களே, நீங்களும் ஆராய்ந்து எழுதுங்கள்.