அஞ்சுவது யார்? அஞ்சவைப்பது யார்?

கிரகணம் பிடிக்கும் நாளில் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் அடைத்து வைக்கிறது நம் நாட்டுக் குடும்பம். அரிவாள்மணையைத் தொடாதே, வாசற்படி தாண்டாதே, பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்று அச்சுறுத்துகிறது. நிலவின் நிழலுக்கும் கருப்பைக்கும் உறவில்லை என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால், அதே பாட்டி இன்னொன்றும் சொல்கிறாள்: "வயிற்றுப் பிள்ளைக்காரி மனம் நோகக் கூடாது." இதையும் அதே மூட்டையில் கட்டி எறிந்துவிடலாமா? எறியலாம் என்றே நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். எறியுமுன் சற்றே ஆராய்வோம் தோழர்களே!

1998ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிமழை பொழிந்தது. நீராய் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும் மழை. மின்கம்பிகள் அறுந்தன, இரும்புக் கோபுரங்கள் மடங்கி வீழ்ந்தன. கடுங்குளிரில், விளக்கின்றி, கணப்பின்றி இலட்சக்கணக்கான மக்கள் தவித்தனர். சிலர் ஐந்து வாரம் வரை. சுசான் கிங் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் அந்நாளில் கருவுற்றிருந்த தாய்மாரைத் தேடிச் சென்றனர். அவர்கள் ஈன்ற மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர்.

புயலை ஏன் தேர்ந்தனர்? வறிய தாயொருத்தியின் கவலையை ஆராய்ந்தால், குழந்தையின் குறை கவலையால் வந்ததா, பசியால் வந்ததா, பரம்பரையால் வந்ததா எனப் பிரித்தறிவது அரிது. புயலோ ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஓரூரில் இரண்டே நாளில் விளக்கெரிந்தது. அடுத்த ஊரில் ஒரு திங்களாகியும் எரியவில்லை. எனவே, இருளில் கழிந்த நாட்கள், இழந்த பொருள், வீடு விட்டு வெளியேறிய அல்லல் ஆகியவற்றை ஒரு கணக்காகவும், தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதை வேறொரு கணக்காகவும் எடுத்தனர். இன்னல் மிகுந்த அளவுக்கு, இரண்டு வயதில் குழந்தையின் சொல்வளமும் அறிவுத்திறனும் சராசரியில் குறைந்திருந்தன. இவ்விரண்டிலும் தடம் பதித்தது முதற்கணக்கே. தாயின் கலக்கம் அன்று!

உடலுக்குள் நடப்பது என்ன? இன்னலுறும்போது கார்டிசால் என்னும் சுரப்பு பெருகுகிறது. நஞ்சுக்கொடி காவலாய் நின்று, அதிற் பெரும்பகுதியைச் செயலறச் செய்த பின்னரே கருவிடம் விடுகிறது. தொல்லை நீளுமாயின் அக்காவல் தளரக்கூடும். 37 வாரம் நிறையுமுன் பிறப்பதும், 2,500 கிராமுக்குக் குறைந்த எடையும், கடும் மன அழுத்தத்துக்கு ஆளான தாய்மாரிடையே சற்று மிகுதி. "சற்று" என்பதை அழுத்தியே சொல்கிறோம். சராசரி என்பது தனியொரு குழந்தையின் தலையெழுத்தாகாது. தலையெழுத்தை மறுத்த நாம் கருவெழுத்து ஒன்றைப் புதிதாய்ப் படைத்துக்கொள்ள வேண்டா.

பாட்டியின் சொல்லில் உண்மை உண்டு. அதை வைத்து அவள் வழங்கும் தீர்ப்பில்தான் இல்லை. "நீ அழுதுகொண்டே இருந்தாய், அதனால்தான் பிள்ளை நோஞ்சானாய்ப் பிறந்தது" என்று பெற்றவள் தலையிலேயே பழி விழுகிறது. பனியைப் பொழிவித்தவள் தாயா? சீர் இன்னும் வந்தபாடில்லை என்று குத்துகின்ற நாத்தனார், குடித்துவிட்டுக் கையோங்கும் கணவன், "இதுவும் பெண்ணாகப் பிறந்தால்..." என்று சொல்லை முடிக்காமல் நிறுத்தும் மாமியார் — இவர்களன்றோ நம் வீட்டுப் பனிப்புயல்! படித்த இளைஞன் அவ்வீட்டில் என்ன செய்கிறான்? பெரும்பாலும் செய்தித்தாள் படிக்கிறான்.

வீட்டுக்கு வெளியிலும் புயலுண்டு. மகப்பேற்று நலச் சட்டம் 1961இல் வந்தது. ஊதியத்தோடு கூடிய 12 வார விடுப்பு, 2017இல் முதலிரு மகப்பேற்றுக்கு 26 வாரமாயிற்று. தொழிற்சாலையில், தோட்டத்தில், பத்துப் பேர் பணியாற்றும் கடையில் உள்ளவளுக்கு அது. நாற்று நடுகிறவளுக்கு அந்த விடுப்பில்லை. எட்டாம் மாதத்திலும் சேற்றில் குனிகிறாள். அவள் நின்றால் கூலி நிற்கும். அவளிடம் போய்த்தான், "கவலைப்படாதே அம்மா, பிள்ளைக்கு ஆகாது" என்கிறோம்.